கூட்டிப் போன கால்களும் திரும்பி வராத சப்பாத்துகளும்

வழிகாட்டி ஆக வேண்டும் என்று துடிக்கிறவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். வழி தெரிந்தவர்கள் பேசாமல் நடந்து போய்விடுவார்கள். வழியைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறவர்கள்தான் முன்னால் வந்து கையை ஆட்டிக்கொண்டு நிற்பார்கள். நான் இரண்டாவது ரகம். பள்ளி விடுமுறைக்கு அம்பாங்கானிலிருந்து, கோலாலம்பூருக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ரந்தாவுக்கு வரும் சித்தி பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, "உங்கள் வலது பக்கம் தெரிவது பழைய ரப்பர் பால் கொட்டகை" என்று ஆரம்பித்துவிடுவேன். (அவர்களுக்கு வேண்டியிருந்தது சீவிய ஐஸில் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங். அதை நான் சுற்றுலாவின் கடைசிக் கட்டமாக வைத்திருந்தேன். பாதியில் ஓடிவிடக் கூடாதல்லவா?)

இந்த வியாதி முற்றிப் போய், சுற்றுலாத் துறையில் பட்டம் வாங்க ஸ்காட்லாந்து வரைக்கும் போனேன். படித்தது நகரத்தில். மனசு பறிபோனது, அங்கிருந்து பஸ் பிடித்துப் போக வேண்டிய ஒரு கடலோரக் கிராமத்தில். பெயர் வேண்டாம், அவர்கள் மறந்திருந்தால் நல்லது. ஒரு சாலை, ஒரு தேநீர்க் கடை, ஒரு கலங்கரை விளக்கம். ஆட்களைவிட ஆடுகள் அதிகம், ஆடுகளைவிட மழை அதிகம். ஆனால் அந்த மழையில் நனைவதற்கென்றே வெளியூரிலிருந்து சனங்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். பாறை உச்சியில் நடப்பார்கள், பறவை பார்ப்பார்கள், உறைந்து போகும் தண்ணீரில் குட்டிப் படகு ஓட்டுவார்கள். எல்லாவற்றுக்கும் பணம் கட்டிவிட்டு, "அருமை, அருமை" என்று நடுங்குவார்கள்.

இதையெல்லாம் அப்பாவிடம் போனில் பரவசமாகச் சொன்னேன். அப்பா சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அதற்கு முன்பு ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர்.

"ஏன் பாப்பா, மழையிலயும் வெயில்லயும் நிக்கக்கூடாதுன்னுதானே உன்னைப் படிக்க வச்சேன். நீ மழையில நிக்கிறதுக்கே படிக்கப் போயிருக்கியா?"

"நிக்கிறது இல்லப்பா, நடக்கிறது. அவுட்டோர் எக்ஸ்பீரியன்ஸ்."

"அதை நாங்க இருவது வருஷம் செஞ்சோம் லா. கொசுக்கடியோட. ஒருத்தனும் டிக்கெட் வாங்கல."

அந்தக் கிராமத்தில் மோரக் என்று ஒரு அம்மணி, சுற்றுலாப் பயணிகளை நடத்திக் கூட்டிப் போகும் சின்ன நிறுவனம் வைத்திருந்தார். வாரக் கடைசிகளில் அவருக்கு உதவப் போய் நான் ஒட்டிக்கொண்டேன். படிப்பு முடியும் சமயம், கோடைக் காலத்துக்கு ஒரு வழிகாட்டி வேண்டும் என்றார். நான் அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிட்டேன்.

மோரக் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பட்டமளிப்புக்கு உன் குடும்பம் வருகிறதல்லவா? அவர்களையே ஒரு நாள் கூட்டிப் போ. நான் தூரத்திலிருந்து பார்க்கிறேன். எத்தனை பேரைக் கூட்டிப் போகிறாயோ அத்தனை பேரையும் திரும்பக் கொண்டு வர வேண்டும். இந்தத் தொழிலில் அது ஒன்றுதான் சட்டம்" என்றார். அப்படியே முதுகில் பெரிய எழுத்தில் ‘கைடு’ என்று அச்சடித்த மஞ்சள் சட்டை ஒன்றையும் கொடுத்தார். (அன்று இரவு அதைப் போட்டுக்கொண்டே தூங்கினேன். விடுதித் தோழி சாட்சி.)

அப்பாவிடமும் சொன்னேன். அவரும் ஒரு சட்டம் போட்டார். "வந்து பாக்குறேன். வேலை மாதிரி இருந்துச்சுன்னா இருந்துக்க. விளையாட்டு மாதிரி இருந்துச்சுன்னா எங்களோடயே பிளேன் ஏறிடணும்."

ஆக, ஒரே நாளில் இரண்டு பரீட்சை. கரையில் மோரக், பக்கத்தில் அப்பா. எனக்குப் பயமே இல்லை. பயப்படுவதற்குக் கொஞ்சமாவது புத்தி வேண்டும்.

வந்தவர்கள் மூன்று பேர். அப்பா, அம்மா, அம்மாவின் அண்ணன் மண்டோர் மாமா. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் வேலை வாங்குவதில் இருந்து மட்டும் ஓய்வு பெறாதவர். அவர் எதற்கு வந்தார் என்றால், தங்கச்சியை வெள்ளைக்காரன் நாட்டுக்குத் தனியாக அனுப்ப முடியாதாம். அப்பா கூட இருந்தார். மாமா கணக்கில் அப்பா இருந்தாலும் தனிதான். ஒரு காலத்தில் மாமாவுக்குக் கீழே மரம் சீவியவர் அப்பா.

காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் உடைப் பரிசோதனை நடத்தினேன். அம்மா சேலைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர், தலையில் மப்ளர், காலில் புது ஸ்போர்ட்ஸ் சப்பாத்து. மாமா, சிரம்பான் இரவுச் சந்தையில், பசார் மாலாமில் வாங்கிய வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. அப்பாவைப் பார்த்ததும்தான் தலையில் கை வைத்தேன். தொழிற்சாலையில் கொடுத்த கறுப்பு சேஃப்டி சப்பாத்து. முன்னால் இரும்பு வைத்தது.

"அப்பா! இதைப் போட்டுக்கிட்டா பிளேன்ல வந்தீங்க?"

"நல்ல சப்பாத்து லா. மேல பலகை விழுந்தாலும் ஒண்ணும் ஆவாது."

"இங்க யாருப்பா உங்க மேல பலகையைப் போடப் போறா? போட்டோவுல அசிங்கமா இருக்கும்."

பிறகு என் காலைத் தூக்கிக் காட்டினேன். மாதக் கணக்கில் கண்ணாடி வழியாகப் பார்த்து ஏங்கி வாங்கிய மலையேற்றச் சப்பாத்து. "இது மாதிரி இருக்கணும். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது" என்று ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினேன். அந்தச் சொற்பொழிவை நினைவில் வையுங்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் வைத்திருக்கிறார்கள்.

முதலில் கலங்கரை விளக்கம். நான் அதன் வரலாற்றைச் சொன்னேன். அப்பா படிக்கட்டுக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்து, "ஸ்குரூ லூசா இருக்கு" என்றார். அடுத்து மலை. பச்சைப் பசேலென்று கடல் வரைக்கும் சரிந்து இறங்கும் அந்தக் காட்சிக்கு முன் கையை விரித்து நின்றேன். மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"எவ்வளவு நெலம். ஒரு மரம் நட்டிருக்கானா பாரு."

"இது இயற்கை அழகு மாமா."

"தோட்டத்துத் துரைங்க பாதிப் பேர் இந்த ஊர்க்காரனுங்கதான், தெரியுமா? தன் ஊரைச் சும்மா போட்டுட்டு, நம்மள விட்டு அங்க நட வச்சிருக்கான்." தலையை ஆட்டினார். "கெட்டிக்காரன் லா."

பாறைகளில் கடல்நாய்கள் படுத்திருந்தன. கொழுகொழுவென்று, வாலை மட்டும் எப்போதாவது அசைத்துக்கொண்டு. இதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள் என்று கிசுகிசுத்தேன். மாமாவால் தாங்க முடியவில்லை.

"எந்நேரமும் இப்படியேதான் கெடக்குமா?"

"ஆமா மாமா, ஓய்வு எடுக்குதுங்க."

"என் பெரட்டுல இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்." சொல்லிவிட்டு, தோட்டத்தில் காலைப் பெரட்டில் பேர் கொடுக்க வரிசையாக நின்ற ஆட்களை அதட்டிய அதே குரலில் ஒரு சத்தம் போட்டார். கடல்நாய்கள் அத்தனையும் தண்ணீரில் பாய்ந்தன. பக்கத்தில் கேமராவோடு காத்திருந்த ஒரு தம்பதி எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மஞ்சள் சட்டையின் முதுகை அவர்களுக்குக் காட்டாமல் நண்டு மாதிரி நடந்து வந்தேன்.

இருந்தாலும் என் நம்பிக்கை குறையவில்லை. கடைசியில் வைத்திருந்தேன் அல்லவா ஐஸ் கச்சாங்கை? அதுதான் தீவு.

கரைக்கு எதிரே சின்னத் தீவு ஒன்று. கடல் வற்றும் நேரத்தில் மட்டும் அதற்கு ஒரு கல் பாதை வெளியே வரும். எங்கள் தோட்டத்து ஆற்றுப் பாலம் அளவுதான் நீளம். கடல் ஏறினால் பாதை மறைந்துவிடும். தீவின் நடுவில், கூரை இல்லாத பழைய கல் தேவாலயம். நடந்து போய், பார்த்து, கடல் திரும்புவதற்குள் நாம் திரும்பிவிட வேண்டும். கரையில் மோரக் தொலைநோக்கியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் பாதுகாப்பு உரை நிகழ்த்தினேன்.

"கல்லு மேல சிப்பி ஒட்டியிருக்கும், பிளேடு மாதிரி. எந்தக் காரணத்துக்காகவும் யாரும் சப்பாத்தைக் கழட்டக் கூடாது. வெளங்குதா?"

"வெளங்குது" என்றார்கள் மூவரும். தமிழ் புரியாவிட்டாலும் மோரக் கட்டை விரலை உயர்த்தினார். வேலை பாதி கிடைத்துவிட்டது.

தீவில் ஏறினோம். இடிந்த சுவர், கல்லில் செதுக்கிய சிலுவை, உள்ளே புல். வாசல்படி தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. அம்மா அந்த வாசல்படியைப் பார்த்தார். குனிந்தார். ஒரு பக்கத்துச் சப்பாத்து, இன்னொரு பக்கத்துச் சப்பாத்து, காலுறை. பின்னாலேயே மாமா. பின்னால் அப்பா, நாடாவை அவிழ்த்துக்கொண்டு. வாசலில் இடம் பத்தாததால், கீழே தட்டையாக, வசதியாக, கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு பாறையில் கொண்டு போய் அழகாக வரிசையாக வைத்தார்கள்.

அப்போது வழிகாட்டி என்ன செய்தாள் என்று நீங்கள் கேட்கலாம். அவளும் கழற்றினாள். சத்தியமாகச் சொல்கிறேன், யோசிக்கவே இல்லை. சாமி இருக்கிற இடத்து வாசலைப் பார்த்ததும் கை தானாகக் கீழே போய்விட்டது. மூன்று வருடப் படிப்பு, முதலுதவிச் சான்றிதழ், ஐந்து நிமிடத்துக்கு முன்பு பேசிய பேச்சு, எதுவும் குறுக்கே வரவில்லை. என் சப்பாத்துதான் கடலுக்கு மிக அருகில் இருந்தது. காட்சிப் பொருள் மாதிரி இருக்கட்டும் என்று நானே நகர்த்தி வைத்தேன்.

உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே கிளம்பியிருந்தால்கூடத் தப்பித்திருப்போம். ஆனால் அம்மா கைப்பையைத் திறந்து சூடத்தை வெளியே எடுத்தார். (அது எப்படி இத்தனை விமான நிலையங்களைத் தாண்டியது என்பது இன்னும் யாருக்கும் தெரியாது.)

"அம்மா, இது சர்ச்சும்மா!"

"சாமிதானே? யார் வீட்டுச் சாமியா இருந்தா என்ன? கும்பிட்டுட்டு வரேன், நீ சும்மா இரு."

ஸ்காட்லாந்துக் காற்றுக்கு இந்தச் சமரசம் பிடிக்கவில்லை. தீக்குச்சி கிழித்தால் அணைந்தது. மாமா குடையை விரித்தார், குடை திருப்பிக்கொண்டது. அப்பா முதுகைக் காட்டிச் சுவராக நின்றார். நான் மஞ்சள் சட்டையை விரித்துப் பிடித்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் நாங்கள் எதையோ புதைப்பது போல் இருந்திருக்கும்.

"விடும்மா, நேரமாச்சு."

"ஏத்தாம எப்படிப் போறது? எடுத்ததை ஏத்தாம வச்சா நல்லாவா இருக்கும்? முக்கியமான விசயம் ஒண்ணு கேக்கணும்."

என் வேலைக்காகத்தானே வேண்டிக்கொள்கிறார்! நானும் மண்டியிட்டுக் கையைக் குவித்துக் காற்றை மறைத்தேன். ஒரு வழியாகச் சூடம் பற்றியது. எல்லோரும் கண்ணை மூடினோம்.

கண்ணைத் திறந்து வெளியே வந்தபோது, தட்டைப் பாறையைக் காணோம்.

அது இருந்த இடத்தில் கடல் இருந்தது. கொஞ்ச தூரத்தில் மாமாவின் வெள்ளைக் கேன்வாஸ் இரண்டும் வாத்து ஜோடி மாதிரி போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் அம்மாவின் சப்பாத்து. எல்லோருக்கும் முன்னால், தலைமை தாங்கி, என்னுடையது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது என்று சொல்லியிருந்தேன் அல்லவா? போகவில்லை. அதனால்தான் அவ்வளவு கம்பீரமாக மிதந்தது.

"பாப்பா," என்றார் மாமா, கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தபடி, "இதும் டூர்ல சேத்தியா?"

அப்பா முழங்கால் தண்ணீரில் இறங்கி, குனிந்து, கையை விட்டுத் துழாவினார். எடுத்தார். இரும்பு வைத்த சேஃப்டி சப்பாத்து, இரண்டும், வைத்த இடத்திலேயே இருந்தன. கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார். ஒரு குட்டி நண்டும் விழுந்தது. போட்டுக்கொண்டார். என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

கல் பாதையின் மேல் தண்ணீர் தவழ ஆரம்பித்திருந்தது. நான் வெறுங்காலை ஒரு முறை வைத்துப் பார்த்தேன். சிப்பியைப் பற்றி நான் சொன்னது முற்றிலும் உண்மை. அன்று நான் சொன்னதில் உண்மையாக முடிந்தவை எல்லாம் இப்படித்தான் முடிந்தன.

கரையிலிருந்து மோரக் எழுந்து நின்று கையைக் குவித்துக் கத்தினார். "படகைக் கொண்டு வரட்டுமா?"

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் ‘ஆமாம்’ என்பது. படகில் போனால் வேலை போச்சு என்று எனக்குத் தோன்றியது. சிரித்தபடி கையை ஆட்டி, "எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது!" என்று கத்தினேன். வெறுங்காலோடு.

அதற்குள் அப்பா அம்மாவுக்கு முன்னால் குனிந்து நின்றார். "ஏறு."

"என்னாங்க இது, யாராச்சும் பாக்கப் போறாங்க!"

"இங்க யாரு நம்மள பாக்குறது? ஏறு லா."

சரியாக அந்த நேரம் பார்த்துக் கரையில் ஒரு பெரிய சுற்றுலாப் பஸ் வந்து நின்றது. வெள்ளை முடி வைத்த தாத்தா பாட்டிகள் கேமராவோடு இறங்கினார்கள். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் முதல் முறையாகப் பொது இடத்தில் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பழைய காலத்தில் தோளில் கம்பு போட்டு இரண்டு பக்கமும் பால் வாளி தூக்கி நடந்த அப்பாவின் கால்கள் அவை. தடுமாறவே இல்லை. அம்மாவைக் கரையில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார்.

இப்போது மாமாவின் முறை. மாமா மார்பை நிமிர்த்தினார். "நான் நடந்தே வருவேன்." ஒரு அடி வைத்தார். அந்தக் காலைத் தூக்கியவர் திரும்ப வைக்கவில்லை. கொக்கு மாதிரி நின்றார்.

"ஏறுங்க மச்சான்," என்றார் அப்பா. "தோட்டத்துல தலை மேல ஏறி உக்காந்தீங்க. இப்ப முதுகுதானே, சும்மா ஏறுங்க."

மாமா ஏறினார். பாதி வழியில், "மாப்ள, எடது பக்கம் பாத்து வையி, வேகமா, வேகமா" என்று மேலே இருந்தபடியே வேலை வாங்க ஆரம்பித்தார். "இன்னொரு வார்த்தை பேசுனீங்க, எறக்கி விட்ருவேன்" என்று அப்பா சொன்னது எனக்குத் தீவு வரைக்கும் கேட்டது.

கடைசியாக வழிகாட்டி. தண்ணீர் அப்பாவின் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் முதுகில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டேன். அலை ஒன்று வந்தது, அப்பா அதற்குத் தோதாகப் பக்கவாட்டில் திரும்பி நடந்தார். அப்போது என் முதுகு கரையைப் பார்த்தது. மஞ்சள் சட்டை. பெரிய எழுத்து. ‘கைடு’.

பஸ்ஸில் வந்தவர்கள் கை தட்டினார்கள்.

அவர்கள் இதை அந்த ஊர் வழக்கம் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பாட்டி மோரக்கிடம் போய், அடுத்த சவாரி எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.

நான் இறங்கினேன். மோரக் என் கால்களைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு, "நீங்கள் சொன்ன சட்டப்படி, கூட்டிப் போன எல்லோரையும் திரும்பக் கொண்டு வந்துவிட்டேன்" என்றேன்.

"யார் யாரைக் கொண்டு வந்தார்கள் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்" என்றார் மோரக். பிறகு, கொஞ்சம் கனிவாக, அந்த மஞ்சள் சட்டைக்குக் கையை நீட்டினார். நான் கழற்றிக் கொடுத்தேன். அன்று நான் கழற்றியதில் பத்திரமாகக் கரை சேர்ந்தது அது ஒன்றுதான். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மோரக் இரண்டு அடி போனவர், திரும்பி வந்து மெதுவாகக் கேட்டார்.

"உன் அப்பா... கோடைக் காலத்துக்கு வேறு வேலை ஏதும் ஒத்துக்கொண்டிருக்கிறாரா?"

நான் மொழிபெயர்த்தேன். அப்பா நெடுநேரம் யோசிப்பது போல் பாவனை செய்தார். "கேளு, உங்கம்மாவைத் தூக்குறதுக்கு எக்ஸ்ட்ரா சார்ஜ் போடலாமான்னு" என்றார். பிறகு சிரித்தார். குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. தேநீர்க் கடையில், கடைக்காரம்மா கொடுத்த துணியில் நாங்கள் காலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் அவர் சிரிப்பு நிற்கவில்லை.

அவர்களோடு நானும் பிளேன் ஏறினேன். மேகத்துக்கு மேலே வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். "சாமிகிட்ட என்ன கேட்டீங்க? எனக்கு வேலை கெடைக்கணும்னா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "புள்ள எங்களோட வீட்டுக்கு வந்துரணும்னு கேட்டேன்."

"அம்மா!"

"நான் என்ன கண்டேன், அந்தச் சாமி அவ்வளவு வெரசா செய்யும்னு?"

பல மாதம் கழித்து மோரக்கிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே என் மலையேற்றச் சப்பாத்து, இடது கால் மட்டும். பக்கத்து ஊர் மணலில் ஒதுங்கியிருந்ததாம். மாமா அதைக் கையோடு வாங்கிக்கொண்டு போய், கண் திருஷ்டிக்கு என்று தன் ரம்புத்தான் மரத்தில் கட்டிவிட்டார். அந்த வருடம் மரம் காய்த்துத் தள்ளியது. வெளிநாட்டுச் சரக்கு, வேறு மாதிரி வேலை செய்கிறது என்கிறார்.

வியாதி என்னை விடவில்லை. இப்போது ரந்தாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் நானே நடைப்பயணம் நடத்துகிறேன். கோலாலம்பூரிலிருந்து சனங்கள் வந்து, பாமாயில் தரும் செம்பனை மரங்களுக்கு நடுவில் வேர்த்துக்கொண்டு, "அருமை, அருமை" என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வேன் ஓட்ட வருகிறார். அதே சேஃப்டி சப்பாத்து. யார் வந்தாலும் முதலில், "ஸ்காட்லாந்துல இன்டர்வியூவுக்குப் போனது அவ, வேலை கெடைச்சது எனக்கு" என்று சொல்லித்தான் கதவைத் திறக்கிறார்.

நடை முடியும் இடம் தோட்டத்து முனியாண்டி கோயில். போன வாரமும் வந்தவர்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தார்கள். பழக்க தோஷம், நான் சுற்றுமுற்றும் பார்த்தேன், எங்காவது தண்ணீர் தெரிகிறதா என்று. அப்பா அதைக் கவனித்துவிட்டார்.

"கழட்டுங்க, கழட்டுங்க, பயப்படாதீங்க" என்றார் அவர்களிடம். "இங்க கடல் வராது லா." பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "கைடு மட்டும் அதே கைடுதான்" என்றார்.